கேட்டலும் பொறுத்தலும்

தான் இயற்றிய கவிதையொன்றைக் கொணர்ந்து, "குற்றங்குறை இருப்பின் ஒளியாது கூறுக" என்று நண்பனை வேண்டுவான் ஒருவன். நண்பனும் அவ்வாறே கூறுவானாயின் கேட்டவன் முகம் வாடும். சின்னாளில் நட்பும் வாடும். தொழில் தொடங்குவோர், மணம் பேசுவோர், வீடு கட்டுவோர் ஆகிய பலரிடத்தும் இவ்வியல்பு காணப்படுகின்றது. கேளாதவர்க்கு அறிவுரை கூறி வெறுப்பைத் தேடிக்கொள்ளுதல் வியப்பன்று. கேட்டவரே வெறுத்தல் யாது காரணம்பற்றி? இதனை ஆராயப் புகுவார்க்குக் கம்பராமாயணத்து யுத்த காண்டத்திலுள்ள இராவணன் மந்திரப் படலத்தினும் சிறந்த துணை பிறிதில்லை எனலாம்.

அனுமன் எரியூட்டிச் சென்ற இலங்கை மயனாற் புதுப்பிக்கப்பெறுகின்றது. இராவணன் பிறரை விலக்கிச் சுற்றத்தாருடனும் அமைச்சருடனும் மந்திராலோசனைக்கு அமர்கின்றான். ஒரு குரங்கு நகரை எரித்து மீண்ட இழிவை எடுத்துக்கூறி, இனிச் செய்யத்தக்கது யாது என வினவுகின்றான். வினாவின் அமைப்பு ஈண்டு நோக்கத்தக்கது. இழிவு வந்தமை பேசப்படுகின்றது. அது வந்த காரணம் பேசப்படவில்லை. சீதையைக் கவர்ந்தமை தக்கதோ என்பது அவ்வினாவின் எல்லைக்குப் புறத்தே நிறுத்தப்பட்டது. முடிவு முன்னரே செய்யப்பட்டுவிட்டது. அம்முடிவுக்குத் துணை நிற்போரையே அவன் தேடினான். அவையிலிருந்தோர் இக்குறிப்பை நன்குணர்ந்தனர். படைத்தலைவர் பலரும் ஒருவர்பின் ஒருவராய் எழுந்து, மானிடரையும் வானரரையும் வெல்லுதல் அரிதன்று என வீரம் பேசினர்.

அவர்களைத் தடுத்துப் பேசியவன் கும்பகருணன். பிறன் மனைவியைச் சிறைவைத்துவிட்டு மானமும் புகழும் பேசுதல் யாங்ஙனம் பொருந்தும் என அவன் இடித்துரைத்தான். ஆயினும், இந்நிலையிற் சீதையை விடுதல் அஞ்சியமையாகக் கருதப்படும். ஆதலின் பகைவர் கடல் கடந்து வருமுன் நாமே சென்று தாக்குதல் நன்று என்றும் கூறினான். இராவணன் செய்தது யாது? உரையின் முற்பகுதியைக் கேளாதவன்போல் விடுத்துப் பிற்பகுதியைப் பெரிதும் பாராட்டினான். தானும் அதனையே எண்ணியிருந்ததாகவும், இனி ஆராய்தல் வேண்டா என்றும் கூறினான். தன் எண்ணத்தின் எதிரொலியே அவனுக்கு நல்லாலோசனையாகத் தோன்றிற்று.

வீடணனோ அத்தகைய பிற்பகுதி எதனையும் சேர்த்துரைத்தானல்லன். சீதையை விடுத்தலே தக்கதென்று துணிந்து கூறினான். அண்ணன் இணங்காமை கண்டு இரணியன் வரலாற்றையும் விரித்துரைத்தான். வான்மீகியின் போர்க் காண்டத்தில் இவ்விடத்தில் இல்லாத அவ்வரலாற்றைக் கம்பர் இங்கு அமைத்தமையின் பொருத்தத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இரணியனும் வினவியவனே. மகன் கற்றது யாதென அறிய விரும்பினான். மகன் ஒளியாது நாராயணன் நாமத்தை உரைத்தபோது அவனைக் கொல்லத் துணிந்தான். விடையை வெறுக்கும் ஓர் அரசனுக்கு, விடையை வெறுத்து அழிந்த மற்றோர் அரசனது கதை சொல்லப்படுகின்றது.

அக்கதையினின்றும் இராவணன் பெற்ற பாடம் வியப்பிற்குரியது. தந்தை அழியப் பின் செல்வமெய்திய பிரகலாதனைப்போல, நீயும் என் செல்வத்தை எய்திப் பின் வாழக் கருதினையோ என்று அவன் தம்பியைச் சினந்தான். பகைவர்மேல் அன்புடையவன் என்றும் பழித்தான். சொல் மெய்யோ பொய்யோ என்னும் ஆராய்ச்சி கைவிடப்பட்டு, சொன்னவன் நோக்கம் யாதென்னும் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. உண்மையை மறுக்க இயலாதபொழுது உரைத்தவனைப் பழித்தல் எளிய வழியன்றோ? கவிதையின் குறையை எடுத்துக்காட்டிய நண்பனைப் பொறாமையுடையவன் என்று கூறுவோரும் இவ்வழியிலேயே செல்கின்றனர்.

இதன் விளைவு யாது? வீடணன் இலங்கையை நீங்கி இராமனை அடைந்தான். பின்னர்ப் போர் மூண்டபொழுது துயிலெழுப்பப்பட்ட கும்பகருணன் மீண்டும் சீதையை விடுமாறு வேண்டினான். வருவதை ஆராய்ந்து கூறுதற்காக உன்னை அழைத்தேனல்லேன் என்னும் கருத்துப்பட அவனுக்கு மறுமொழி கிடைத்தது. முதலில் ஆலோசனை கேட்பான்போல் அமர்ந்தவன், இறுதியில் ஆலோசனையே தனக்கு வேண்டுவதில்லை என வெளிப்படையாக உரைத்துவிட்டான். முதலவையில் போரை விரும்பிய இந்திரசித்தும் தன் இறுதிப் போருக்குமுன் சீதைமேற் கொண்ட ஆசையை விடுமாறு தந்தையை வேண்டினான், பயனில்லை. மெய்யுரைத்த மூவருள் ஒருவன் பிரிந்தான். இருவர் களத்தில் மாண்டனர். மூவரையும் இழந்தவன் இராவணனே.

எனின், கசந்த சொல்லை மகிழ்ந்து ஏற்றல் வேண்டுமோ? வள்ளுவர் அவ்வாறு கூறினாரல்லர். இறைமாட்சி அதிகாரத்தில் அவர், செவி கைக்கும் சொல்லைப் பொறுக்கும் பண்பினையே அரசற்கு வேண்டுகின்றார். கைப்பு உண்டென்பதை அவர் மறுக்கவில்லை. அதனைப் பொறுத்தலே பண்பு என்றார். மனித இயல்பை நன்கறிந்த கூற்று இது.

பொறுத்தல் என்பது யாதென்பதற்குச் சீன வரலாற்றில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. தாங் வமிசத்துப் பேரரசர் தாய்சொங் கி.பி. 626 முதல் 649 வரை ஆட்சி புரிந்தார். அவருடைய அமைச்சர் வெய் செங், முன்னர் அவர் தமையனின் பணியிலிருந்து அவருக்கு எதிராகவே ஆலோசனை கூறியவர். அத்தகையவரையே அரசர் அமைச்சராக்கினார்; அவரும் அரசரின் பிழைகளை அவையிலேயே எடுத்துரைத்து வந்தார். ஒருநாள் அரசர் சினம் பொறாது, அவ்வமைச்சரைக் கொன்றே தீர்வதாக அந்தப்புரத்திற் கூறினார். அரசி சாங்சுன் விழாக்கால உடை தரித்து வந்து, அரசர் அறிவுடையவராயின் அமைச்சர் அஞ்சாதுரைப்பர் என்று கூறி வாழ்த்தினார். சினம் தணிந்தது. 643இல் வெய் செங் இறந்தபின் ஐயங்கொண்ட அரசர் அவரது நினைவுக்கல்லை வீழ்த்தச் செய்தார். 645இல் கொரியாமேற் சென்ற படையெடுப்பு பயனின்றி முடிந்தபோது, அவர் இருந்திருப்பின் தம்மைத் தடுத்திருப்பார் என வருந்தி, அக்கல்லை மீண்டும் நாட்டுவித்தார். இராவணனுக்கு வந்த சினம் இவ்வரசருக்கும் வந்தது. ஆனால் சினத்தின்பின் அவர் அச்சொல்லை மீண்டும் எண்ணிப் பார்த்தார். இருவர்க்குமுள்ள வேறுபாடு இதுவே.

ஆதலின், பிறர் கருத்தை நாடுவோர் முதற்கண் தம்மைத் தாமே வினவுதல் வேண்டும்: இப்பொருள் இன்னும் முடிவுசெய்யப்படாதுள்ளதோ? முடிவு செய்யப்பட்டதாயின் வாழ்த்தையே கேட்கலாம். வாழ்த்து விரும்புதல் குற்றமன்று. வாழ்த்தை விரும்பிக் கருத்தைக் கேட்டல் நண்பனுக்கு இழைக்கும் அநீதியாகும். பொய்யுரைப்பின் அவன் நட்பிற்குப் பிழைத்தவனாகின்றான், மெய்யுரைப்பின் பகைவனாகின்றான். இவ்விரண்டனுள் ஒன்றில் அவனைத் தள்ளியவர் கேட்டவரே ஆவர். விடை கசந்தவிடத்து உடனே மறுமொழி கூறாது, சொன்னவனை மறந்து சொல்லை மட்டும் ஒருநாள் ஆராய்தல் நன்று. அதன்பின் அது பொருந்தாதெனத் தோன்றின் தள்ளலாம்; தள்ளும் உரிமை கேட்டவர்க்கு என்றும் உண்டு.

கட்டுரையைத் திருத்தித் தருமாறு ஆசிரியரிடம் நீட்டும் மாணவன் முதல் நாடாளும் தலைவர் வரை யாவர்க்கும் இது பொருந்தும். இப்பொறுமையை இளமையிற் பழகாதவர்க்கு முதுமையில் அது வாய்த்தல் அரிது. அவரைச் சூழ்ந்திருப்போர் மெய்யுரைத்துப் பயனில்லையென்று கண்டு, மெல்ல மெல்ல வாய்மூடுவர். அப்பொழுது அவர் கேட்பினும் கூறுவார் இரார்.