வறண்டாலும் சாகாத ஏரி

ஆஸ்திரேலியாவின் மிகத் தாழ்வான இடம் தென் ஆஸ்திரேலியப் பாலைவனத்தில் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 15 மீட்டர் கீழே, சுமார் 9,500 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கும் காட்டி தண்டா-ஏர் ஏரிதான் அது. கண்டத்தின் ஆறில் ஒரு பங்கு நிலத்துக்கு இதுவே வடிகால். ஆனால் இங்கிருந்து கடலுக்கு வழியில்லை. வந்த நீரை வெயில் குடித்துவிட, உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. தெற்குப் பகுதியில் உப்புப் பாளம் அரை மீட்டர் கனம்வரை இருக்கும். அந்தத் தரையில்தான் 1964-ல் டொனால்டு கேம்பெல் மணிக்கு 648 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டி உலக சாதனை படைத்தார்.

வெறும் உப்புக்காடு என்று நினைத்தால், பாளத்தின் விளிம்பில் புள்ளி போட்ட சிறு ஓணான் ஒன்று எறும்பு பிடித்துக்கொண்டிருக்கும். சூடு தாங்காதபோது உப்புக்கு அடியிலுள்ள ஈரமண்ணில் புதைந்துகொள்ளும். அதே மண்ணில் உவர்நீர் இறாலின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் உலர்ந்து கிடக்கும்.

தொலைவில் குயின்ஸ்லாந்தில் பெருமழை கொட்டினால், டயமன்டினா, ஜார்ஜினா, கூப்பர் ஆறுகள் வழியே வெள்ளம் வாரக்கணக்கில் ஊர்ந்து வருகிறது. நீர் தொட்டதும் முட்டைகள் பொரிகின்றன. அந்த இறாலைத் தேடிக் கடற்கரைகளிலிருந்து பட்டை நெடுங்கால் உள்ளான்கள் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, அவசர அவசரமாக முட்டையிடுகின்றன. ஆற்றோடு வந்த மீன்களுக்காகக் கூழைக்கடாக்களும் குவிகின்றன. 1974 வெள்ளத்தில் ஏரி சுமார் 6 மீட்டர் ஆழம்வரை நிரம்பியது. பதிவான வரலாற்றில் அதுவே உச்சம்.

அரபானா பழங்குடியினருக்கு இது புனிதத் தலம். 2012-ல் அவர்களின் நில உரிமையை நீதிமன்றம் ஏற்றது. அதே ஆண்டில், அதுவரை ஏர் ஏரி என்றே வழங்கிய அதிகாரப்பூர்வப் பெயரின் முன்னால் ‘காட்டி தண்டா’வும் சேர்ந்தது. ஏரித் தரையில் கால் வைக்க வேண்டாம் என்பது அவர்கள் சுற்றுலாப் பயணிகளிடம் வைக்கும் வேண்டுகோள்.

பாலைவனத்தில் ஆவியாகிப்போகும் நீரை வீண் என்று கணக்குப் போடுவது எளிது. 1990-களில் கூப்பர் ஆற்று நீரைப் பருத்திக்குத் திருப்ப ஒரு திட்டம் எழுந்தது. மேய்ச்சல்காரர்களும் விஞ்ஞானிகளும் எதிர்த்து நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது சரி. வறட்சியை எத்தனை ஆண்டானாலும் இந்த ஏரி தாங்கும். மேலே ஆற்றை மறித்துவிட்டால் தாங்காது.