கருவி நலமா?

மழைக்காலம் வந்தால் இடுக்கி எல்லைத் தமிழரும் தேனி உழவரும் முல்லைப் பெரியாற்று நீர்மட்டத்தை வினவுவர். 2014-இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது 142 அடி. அளக்கும் கருவி நலமா என்று வினவுவார் அரியர்.

ஆய்வுக்கூடச் சோதனைக் கருவிகள் பல, தம் நலத்தைத் தாமே அறிவிக்கும். 1987-ஆம் ஆண்டு ஐ.இ.இ.இ. 488.2 விதிகளின்படி அவற்றுள் நிகழ்ச்சிப் பதிவகம் ஒன்றுண்டு; எட்டுச் சிறு விளக்குகள் என்று கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்: கருவிக் கோளாறு 8, கட்டளைப் பிழை 32, மின்சாரம் நின்று மீண்டது 128. கணிப்பொறி கேட்டதற்கு 136 என்று விடை வந்தால், அது அடிக்கணக்கன்று, நேயர்களே! 128-உம் 8-உம்: இடையில் மின்சாரம் நின்றிருக்கிறது, கருவியிலும் கோளாறு. அளவை நம்பலாகாது.

எவ்விளக்கு எரிந்தால் நம்மை அழைக்கவேண்டும் என்பதைத் துணைப் பதிவகத்தில் நாமே எழுதி வைக்கலாம். ஆனால், ஒருமுறை படித்ததும் விளக்குகள் யாவும் அணைந்துவிடும். முதலில் படித்தவர் குறித்து வைக்காவிடில், அடுத்தவர் காண்பது வெறும் பூஜ்யமே.