வாக்குச்சீட்டின் கடைசிப் பக்கம்

கலிபோர்னியா வாக்காளர்கள் தங்கள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுப்பதோடு, சட்டங்களின் மீதும் நேரடியாக வாக்களிக்கின்றனர். ரயில்வே நிறுவனத்தின் பிடியிலிருந்து மாநில அரசியலை விடுவிக்க முனைந்த ஆளுநர் ஹைராம் ஜான்சனின் காலத்தில், 1911-இல் இந்த உரிமை அரசியலமைப்பில் இடம்பெற்றது. முந்தைய ஆளுநர் தேர்தலில் பதிவான வாக்குகளில் 5 விழுக்காட்டுக்கு ஈடான கையொப்பங்களைத் திரட்டுவோர் ஒரு சட்டத்தையும், 8 விழுக்காடு திரட்டுவோர் ஓர் அரசியலமைப்புத் திருத்தத்தையும் மக்கள் தீர்ப்புக்கு விடலாம். இவை முன்மொழிவுகள் எனப்படுகின்றன. 2024 நவம்பரில் மாநில அளவில் மட்டும் 10 முன்மொழிவுகள் வாக்குக்கு வந்தன.

இங்கே வாக்காளர் முதலில் தெளிய வேண்டியது, 'ஆம்' என்று குறித்தால் என்ன நடக்கும் என்பதையே. பிணைத்தொகை முறையை ஒழிக்கும் சட்டத்தை 2018-இல் சட்டமன்றம் நிறைவேற்றியபோது, பிணைத்தொழில் நடத்துவோர் கையொப்பம் திரட்டி அதை 25-ஆம் முன்மொழிவாக 2020-இல் வாக்கெடுப்புக்குக் கொண்டுவந்தனர். ஆனால் சட்டம் நீடிக்க 'ஆம்', நீங்க 'இல்லை' என்பதே விதி என்பதால், வாக்கெடுப்பைக் கோரியவர்களே 'இல்லை' என்று குறிக்கும்படி கேட்க வேண்டியிருந்தது. சட்டம் தோற்றது.

விளம்பரங்கள் இதில் துணைநிற்பதில்லை. செயலிவழி வாகன ஓட்டுநர்களைப் பணியாளர்களாகக் கொள்ளாமல் ஒப்பந்தக்காரர்களாகவே வைத்திருக்க, ஊபர், லிஃப்ட் முதலிய நிறுவனங்கள் 2020-இல் 22-ஆம் முன்மொழிவுக்காக 20 கோடி டாலருக்கு மேல் செலவிட்டு வென்றன. அரசு வெளியிடும் வாக்காளர் கையேட்டிலும் தலைப்பை எழுதுபவர், கட்சி சார்ந்து தேர்ந்தெடுக்கப்படும் மாநிலத் தலைமை வழக்கறிஞரே ஆவார். ஆகவே, கட்சி சாராத சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் அதே கையேட்டில் எழுதும் செலவு, விளைவுப் பகுதியிலிருந்தே வாசிப்பைத் தொடங்குவது நல்லது.

உள்ளூர்க் கேள்விகளுக்கு இன்னும் கூடுதலான கவனம் தேவை. பலரோ அவற்றைக் களைப்போடு, கடைசியாகவே பார்க்கின்றனர். பள்ளிக் கட்டடங்களுக்கான கடன்பத்திரம், அதாவது பள்ளி மாவட்டம் கடன் வாங்கி அதைச் சொத்து வரியால் அடைக்கும் ஏற்பாடு, பொதுவாக 55 விழுக்காடு ஆதரவிருந்தால் நிறைவேறுகிறது. அதனுடன் அச்சிடப்படும் வரி அறிக்கையில், சொத்து மதிப்புக்கு ஏற்ப வரி எவ்வளவு கூடும், எந்த ஆண்டுவரை வசூலாகும், வட்டியோடு சேர்த்து மொத்தம் எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கும் என்ற மதிப்பீடுகள் இருக்கும். 1978-இன் 13-ஆம் முன்மொழிவு, வீடு கைமாறாதவரை அதன் வரி மதிப்பு ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாது என்று வரம்பிட்டதால், அடுத்தடுத்த வீடுகளில் வசிப்போரில் அண்மையில் வாங்கியவரே பெரும்பாலும் அதிகச் சுமை தாங்குகிறார். இந்த ஏற்றத்தாழ்வை மனத்தில் கொள்ளாமல் கடன்பத்திரத்தை எடைபோடுவது நியாயமாகாது.

நகர மன்றத்துக்கும் பள்ளி வாரியத்துக்கும் போட்டியிடுவோரின் பெயருடன் கட்சி குறிக்கப்படுவதில்லை; பெயருக்குக் கீழே, பெரும்பாலும் மூன்று சொற்களுக்கு மிகாமல், தொழில் மட்டுமே இருக்கும். ஆசிரியர் அல்லது வணிகர் என்ற ஒற்றைச் சொல்லை நம்பி முடிவெடுப்பதைவிட, பதவியில் இருப்பவர் வரவுசெலவுத் திட்டத்தில் எவ்வாறு வாக்களித்தார் என்பதைக் கூட்டக் குறிப்புகளிலும், புதியவருக்கு நன்கொடை அளித்தவர்கள் யார் என்பதைக் கட்டாயக் கணக்கறிக்கையிலும் பார்ப்பது பயன்தரும்.

வாக்குச்சீட்டுகள் தேர்தலுக்கு 29 நாள்களுக்கு முன்பிருந்தே அஞ்சலில் அனுப்பப்படுவதால், வீட்டிலேயே அமர்ந்து கடைசிப் பக்கத்திலிருந்து படித்துவரப் போதிய அவகாசம் உண்டு. அதன் பிறகும் ஒரு கேள்வி தெளியவில்லையெனில் அதை மட்டும் வெறுமையாக விடலாம். மற்ற வாக்குகள் வழக்கம்போல எண்ணப்படும்.