கடம்பூர் ரகசியக் கூட்டம் முதல் மண்டேலா புதைத்த நோட்டு வரை: அரசியல் புத்தகம் போர் அடிக்குமா? எப்படிப் படிச்சா சுவாரஸ்யம்?

தேர்தல் முடிவு வரும் நாள். காலை 8 மணிக்கே டிவி முன்னாடி உட்கார்ந்துவிடுகிறோம். யார் முன்னிலை, யாருக்குப் பின்னடைவு, யார் யாரோடு கூட்டணி பேசுறாங்க என்று ஒரு நிமிஷம்கூட விடுவதில்லை. ஆனால் அதே அரசியல் ஒரு புத்தகமாகக் கைக்கு வந்தால், 'அய்யோ, அதெல்லாம் போர்' என்று தள்ளி வைத்துவிடுகிறோம்.

அரசியல் புத்தகம் என்றால் கொள்கை விளக்கமும் புள்ளிவிவரமும் மட்டும்தான் என்று நினைப்பதால் வரும் சிக்கல் இது. டிராகன் பறக்கிற கதையிலும் அரசியல் இருக்கு, பன்றி பேசுற கதையிலும் இருக்கு, நம்ம ஊர் சோழர் கதையிலும் இருக்கு. ஒரு தலைவர் சிறையில் ஒளித்து ஒளித்து எழுதிய சுயசரிதையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இவற்றை ரசிக்க பெரிய அரசியல் அறிவெல்லாம் தேவையில்லை. புத்தகத்தை எடுத்ததும் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்: இதை எழுதும்போது, எழுதியவரால் எதை நேரடியாகச் சொல்ல முடியாமல் போச்சு?

இந்தக் கேள்வியோடு சில புத்தகங்களைத் திறந்து பார்க்கலாம் வாங்க.

'பொன்னியின் செல்வன்' அரசியல் நாவலா?

படமாகப் பார்த்தவர்களுக்கு வந்தியத்தேவன், நந்தினி, குந்தவை நினைவுக்கு வருவார்கள். ஆனால் கதையின் அச்சு என்ன? சுந்தர சோழர் நோயில் படுத்திருக்கிறார். பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலன் காஞ்சியில் இருக்கிறான். அடுத்து யார் என்பதை முடிவு செய்ய, கடம்பூர் மாளிகையில் நள்ளிரவில் சிற்றரசர்கள் ரகசியமாகக் கூடுகிறார்கள். பழுவேட்டரையரின் மூடுபல்லக்கில் வந்தது அவர் மனைவி என்று ஊரே நினைக்க, உள்ளிருந்து இறங்குவதோ மாற்று வேட்பாளரான மதுராந்தகன். 2017-ல் கூவத்தூர் ரிசார்ட் காட்சிகளை லைவ்வில் பார்த்தவர்களுக்கு இந்த அத்தியாயம் புதுசாகவே தெரியாது!

இந்தக் கதை எப்போது வந்தது என்பதுதான் இன்னும் சுவாரஸ்யம். 'கல்கி' வார இதழில் 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே மாதம் வரை தொடராக வந்தது. அதாவது, சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல் நடந்தபோது தமிழ் வாசகர்கள் வாராவாரம் 'அடுத்த ராஜா யார்' என்று படித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த 1952 தேர்தலில் சென்னை மாகாணத்தில் காங்கிரசுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. 375 இடங்களில் 152 தான். அப்போது தேர்தலில் நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார்கள். மற்ற கட்சியினர், சுயேச்சைகள் ஆதரவு திரட்டப்பட்டது. இரண்டு வருஷத்தில், 1954 ஏப்ரலில், ராஜாஜி பதவி விலக காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே 'பொன்னியின் செல்வன்' முடிந்தது. கடைசி பாகத்தின் பெயர் 'தியாக சிகரம்'. அதில் அருள்மொழி தன் கைக்கு வந்த கிரீடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்கிறான்.

கல்கி ராஜாஜிக்கு மிக நெருக்கமானவர். சுதந்திரப் போராட்டத்தில் மூன்று முறை சிறை சென்றவர். அதற்காக, அருள்மொழிதான் ராஜாஜி, பழுவேட்டரையர்தான் இன்னார் என்று பொருத்தம் பார்க்க வேண்டாம். கல்கி அப்படி எழுதியதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. ஆனால் பதவியை யார் கேட்கலாம், யார் விட்டுக்கொடுக்கணும் என்று ஒரு மாகாணமே பேசிக்கொண்டிருந்த காலத்தில் வந்த கதை என்று தெரிந்து படித்தால், அதே பக்கங்கள் வேற மாதிரி பேசும். இன்னொரு தகவல்: பதவியை விட்ட அதே 1954-ல் ராஜாஜி அதே 'கல்கி' இதழில் 'சக்கரவர்த்தித் திருமகன்' எழுதத் தொடங்கினார். பட்டாபிஷேகம் நடக்கவிருந்த நாளில் அரியணையை விட்டுக் காட்டுக்குப் போன ராமனின் கதை அது.

செப்பேடும் ஒரு சுயசரிதைதானா?

அருள்மொழி, அதாவது ராஜராஜ சோழன், அரியணையை விட்டுக்கொடுத்தான் என்பது கல்கியின் கற்பனை மட்டும் இல்லை. திருவாலங்காட்டுச் செப்பேட்டில், சிற்றப்பன் உத்தம சோழனுக்கு நாட்டின் மீது ஆசை இருக்கும்வரை தான் ஆட்சியை விரும்பவில்லை என்று அருள்மொழி ஒதுங்கிக்கொண்டதாக வருகிறது.

இப்போ நம்ம கேள்வியை இங்கே கேளுங்க. அந்தச் செப்பேட்டை வெளியிட்டது யார்? ராஜராஜனின் மகன் ராஜேந்திர சோழன். அப்பா பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தார் என்று மகனின் அரசவை எழுதியது. இன்றைய பாஷையில் சொன்னால், ஆட்சியில் இருக்கும் குடும்பத்தின் அதிகாரப்பூர்வ வாழ்க்கை வரலாறு!

இன்னொரு பக்கம், காட்டுமன்னார்கோவில் அருகே உடையார்குடி கல்வெட்டு இருக்கிறது. ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் உறவினர் சொத்துகள் பற்றிய இந்தக் கல்வெட்டு ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. அப்படியென்றால், இடையில் பத்து வருஷத்துக்கும் மேல் ஆண்ட உத்தம சோழன் காலத்தில் என்ன நடந்தது? வரலாற்று ஆய்வாளர் நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மீதே சந்தேகப்பட்டார். பின்னால் வந்த வேறு ஆய்வாளர்கள் அதை ஏற்கவில்லை. கல்கியோ நாவலில் கொலையாளி யார் என்று கடைசி வரை உறுதியாகச் சொல்லாமலே விட்டுவிட்டார். வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், 70 வருஷமாக.

பன்றிக் கதைக்கு ஏன் அவ்வளவு தயக்கம்?

ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய 'விலங்குப் பண்ணை' மிகச் சின்னப் புத்தகம். ஒரு பண்ணையில் விலங்குகள் சேர்ந்து முதலாளியை விரட்டுகின்றன. பிறகு பன்றிகள் மெல்ல மெல்ல புது முதலாளிகள் ஆகின்றன. ஆர்வெல் இதற்கு வைத்த துணைத் தலைப்பே 'ஒரு தேவதைக் கதை' என்பதுதான். குழந்தைக் கதை மாதிரி எழுதப்பட்ட இதை வெளியிட லண்டன் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மறுத்தன.

காரணம், அவர் எழுதி முடித்தது 1944-ல். உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம். ஹிட்லருக்கு எதிராக பிரிட்டனும் ஸ்டாலினின் சோவியத் யூனியனும் ஒரே அணி. நெப்போலியன் என்ற பன்றி யார் என்பது எல்லோருக்கும் புரிந்தது. ஒரு பதிப்பகம் முதலில் ஆர்வம் காட்டி, அரசின் தகவல் துறை அதிகாரி ஒருவர் எச்சரித்ததும் பின்வாங்கியது. அந்த அதிகாரியே சோவியத் உளவாளி என்று பின்னாளில் தெரியவந்தது தனிக்கதை. ஃபேபர் பதிப்பகத்தில் இருந்த கவிஞர் டி.எஸ். எலியட்டும் வேண்டாம் என்றுதான் சொன்னார். கடைசியில் போர் முடிந்த 1945 ஆகஸ்டில்தான் புத்தகம் வந்தது.

மாயக் கதைகளின் பலம் இதுதான். ஸ்டாலின் என்ற பெயர் ஒரு இடத்தில்கூட இல்லை. அதனால்தான் ரஷ்யாவைப் பற்றி எதுவுமே தெரியாத ஒருவர் இன்று படித்தாலும், தனக்குத் தெரிந்த ஒரு கட்சி ஆபீஸ் நினைவுக்கு வந்துவிடும்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடராகப் பார்த்தவர்கள் ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் நாவல்களையும் ஒரு கை பார்க்கலாம். 15-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அரியணைக்காக இரண்டு குடும்பங்கள் மோதிய ரோஜாப் போர்கள் அவருக்குத் தூண்டுதல். முதல் நாவல் 1996-லும் ஐந்தாவது 2011-லும் வந்தன. ஆறாவதுக்கு ரசிகர்கள் காத்திருந்த காத்திருப்பு, அதுவே ஒரு காவியம்.

தலைவர்களே எழுதினால் முழு உண்மை வருமா?

வராது. அதுவும் ஒரு சுவாரஸ்யம்தான்.

காந்தியின் 'சத்திய சோதனை'யை எடுத்தால் பலரும் தண்டி யாத்திரையைத் தேடுவார்கள். இருக்காது. 'நவஜீவன்' இதழில் 1925 முதல் வாராவாரம் தொடராக எழுதினார். கதை 1920 நாக்பூர் காங்கிரஸ் வாக்கில் நின்றுவிடுகிறது. உப்புச் சத்தியாகிரகம் நடந்ததோ 1930-ல். அதற்கு மேல் தன் வாழ்க்கை எல்லோருக்கும் தெரிந்த பொது விஷயம் ஆகிவிட்டது என்று காந்தியே அங்கே முடித்துக்கொள்கிறார்.

அமெரிக்க அதிபராக 8 வருஷம் இருந்த யுலிசிஸ் கிராண்ட் இன்னும் ஒரு படி மேல். தன் நினைவுக் குறிப்புகளில் உள்நாட்டுப் போரை விரிவாக எழுதியவர், ஊழல் புகார்கள் நிறைந்த தன் அதிபர் காலத்தைக் கிட்டத்தட்ட தொடவே இல்லை. ஆனால் அவர் எழுதிய நிலைமையைத் தெரிந்துகொண்டால் கோபம் வராது. கூட்டாளியின் மோசடியால் மொத்தப் பணமும் போய், தொண்டைப் புற்றுநோயோடு, குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்கு வழி செய்யணும் என்றுதான் எழுதினார். 1885 ஜூலையில் முடித்த சில நாட்களில் இறந்தார். எழுத்தாளர் மார்க் ட்வைனின் நிறுவனம் வெளியிட்ட அந்தப் புத்தகம் குடும்பத்துக்கு 4 லட்சம் டாலருக்கும் மேல் ஈட்டித் தந்தது.

நெல்சன் மண்டேலாவின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்கணும். 1970-களின் நடுவில், ராபன் தீவுச் சிறையில், 60-வது பிறந்தநாளுக்குள் சுயசரிதை வரவேண்டும் என்று சக கைதிகள் கத்ராடாவும் சிசுலுவும் யோசனை சொன்னார்கள். மண்டேலா இரவில் விழித்திருந்து எழுதுவார். இருவரும் படித்து ஓரத்தில் குறிப்பு எழுதுவார்கள். லாலூ சிபாவும் மேக் மகராஜும் அதைப் பொடிப்பொடி எழுத்தில் நகல் எடுப்பார்கள். 1976-ல் விடுதலையான மகராஜ் அந்த நகலை வெளியே கடத்திக்கொண்டு போனார். மூலப் பிரதியை கோகோ டப்பாக்களில் போட்டு சிறைத் தோட்டத்தில் புதைத்தார்கள். பிறகு அங்கே சுவர் கட்டத் தோண்டியபோது மாட்டிக்கொண்டது. தண்டனையாக மண்டேலா, சிசுலு, கத்ராடா மூவருக்கும் நான்கு வருஷம் படிக்கும் சலுகை பறிக்கப்பட்டது.

அந்தக் கையெழுத்துப் பிரதியை அடிப்படையாக வைத்து விரிவாக்கி, ஒரு பத்திரிகையாளரின் உதவியோடு வந்ததுதான் 'சுதந்திரத்துக்கான நெடும்பயணம்'. வெளியான வருஷம் 1994. மண்டேலா அப்போது தென்னாப்பிரிக்க அதிபர். புதைத்த நோட்டை எழுதியவர் கைதி. அச்சான புத்தகத்தை வெளியிட்டவர், நேற்றுவரை தன்னைச் சிறையில் வைத்திருந்தவர்களையும் சேர்த்து ஆளவேண்டிய அதிபர். அந்தப் புத்தகத்தில் கம்யூனிஸ்ட் கட்சியோடு சேர்ந்து வேலை செய்தது வருகிறது, தான் அதில் உறுப்பினர் என்று வராது. 2013 டிசம்பரில் அவர் மறைந்தபோது, மண்டேலா எங்கள் மத்தியக் குழுவிலேயே இருந்தவர் என்று தென்னாப்பிரிக்க கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை விட்டது.

இதனால் புத்தகம் பொய்யாகிவிடுமா? இல்லை. எந்த இடத்தில் ஒரு தலைவர் வாயை மூடிக்கொள்கிறார் என்று தெரிந்துகொள்வதும் வாசிப்பில் ஒரு பகுதிதான்.

ஒரே போராட்டம், இரண்டு புத்தகம்

இந்த விளையாட்டை ஆட தென்னாப்பிரிக்கா வரை போகவேண்டியதில்லை. திருச்சிக்குப் பக்கத்தில் கல்லக்குடி இருக்கிறது.

டால்மியா சிமென்ட் ஆலையின் பெயரால் அந்த ஊர் ரயில் நிலையம் டால்மியாபுரம் ஆகியிருந்தது. பெயரை மாற்றச் சொல்லி 1953 ஜூலையில் திமுக போராடியது. கருணாநிதி முதல் அணியோடு போய்த் தண்டவாளத்தில் படுத்துக் கைதானார். அதே போராட்டத்தில் அடுத்து இன்னொரு அணியோடு போனவர் கவிஞர் கண்ணதாசன். அவரும் சிறை சென்றார். போலீஸ் துப்பாக்கிச் சூடும் நடந்தது.

கருணாநிதி திமுக தலைவராகவும், ஐந்து முறை முதல்வராகவும் இருந்தவர். அவருடைய 'நெஞ்சுக்கு நீதி' ஆறு பாகங்கள். அதில் கல்லக்குடி ஒரு திருப்புமுனை. 'கல்லக்குடி கொண்ட' என்ற அடைமொழியே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கண்ணதாசனோ 1961-ல் ஈ.வெ.கி. சம்பத்தோடு கட்சியை விட்டு வெளியே வந்தவர். அவர் தன் திமுக வருஷங்களைப் பற்றி எழுதிய புத்தகத்துக்கு வைத்த பெயர் 'வனவாசம்'. பெயரிலேயே கசப்பு தெரியும். அதில் தன்னை 'நான்' என்று சொல்லாமல் 'அவன்' என்று படர்க்கையில் எழுதுகிறார், தன் தவறுகளையும் ஒளிக்காமல்.

யார் சொல்றது உண்மை என்று உடனே தீர்ப்பு எழுத வேண்டாம். ஒருவர் கட்சியைக் கட்டிக் காக்கவேண்டிய இடத்தில் இருந்து, தொண்டர்கள் படிப்பார்கள் என்று தெரிந்தே எழுதுகிறார். இன்னொருவருக்குக் காப்பாற்ற கட்சி இல்லை. ஆனால் தீர்க்க வேண்டிய கணக்கு இருக்கிறது. எந்தப் பக்கத்தில் எந்தப் பெயர் விடுபட்டிருக்கு, யாருக்கு எத்தனை வரி என்று கவனித்தால், 1950-களின் திமுக அலுவலகத்துக்குள் நாமே ஒரு மூலையில் நிற்பது மாதிரி இருக்கும்.

அந்த 1953 ஜூலையில் முதல்வராக இருந்தவர் ராஜாஜி. கல்லக்குடி துப்பாக்கிச் சூட்டுச் செய்தி வந்த அதே வாரங்களில், 'கல்கி'யில் வந்தியத்தேவன் குதிரையில் போய்க்கொண்டிருந்தான்.

எங்கிருந்து தொடங்கலாம்?

கதை பிடிக்கும் என்றால் 'விலங்குப் பண்ணை'. க.நா.சு. மொழிபெயர்ப்பு உட்படத் தமிழில் கிடைக்கிறது, ஒரே நாளில் முடிக்கலாம். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் 'பொன்னியின் செல்வன்' பல பதிப்பகங்களிலும், இணையத்தில் இலவசமாகவும் உண்டு. 'சத்திய சோதனை' தமிழில் மலிவு விலையில் கிடைக்கும்.

தலைவர்களின் புத்தகம் என்றால் முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கணும் என்று கட்டாயம் இல்லை. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒரு சம்பவத்தைத் தேடி எடுத்து, அந்த அத்தியாயத்தை மட்டும் படிங்க. முதல் பதிப்பு எந்த வருஷம், அப்போ இவர் ஆட்சியில் இருந்தாரா, எதிர்க்கட்சியா, சிறையா, இல்லை கட்சியே மாறிட்டாரா என்று பாருங்க. பிறகு அதே சம்பவத்தை அவருக்குப் பிடிக்காத ஒருவர் எழுதியிருக்கிறாரா என்று தேடுங்க. பெரும்பாலும் எழுதியிருப்பார்.