மூக்கு சொல்வதைக் கேளுங்கள்

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குச் செல்லும் பஸ்கள் கௌதள்ளியைக் கடந்தே போகின்றன. முன்பு மைசூர் மாவட்டத்திலும் 1997 முதல் சாமராஜநகர் மாவட்டத்திலும் உள்ள இந்த வட்டாரம், 1956 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் இன்றும் தமிழ் பேசுவோர் ஏராளம்.

கௌதள்ளிக்கு அருகில் உள்ள ஊர் சுள்வாடி. இங்குள்ள கிச்சுகுத்தி மாரம்மன் கோவிலில் 2018 டிசம்பர் 14, வெள்ளிக்கிழமையன்று கோபுரம் கட்ட அடிக்கல் நாட்டு விழா நடந்தது. பூஜை முடிந்ததும் பக்தர்களுக்குத் தக்காளி சாதம் பிரசாதமாக வழங்கப்பட்டது.

சாப்பிட்ட சிறிது நேரத்தில் பலர் வாந்தி எடுத்துச் சுருண்டு விழுந்தனர். காமகெரே, கொள்ளேகால் ஆஸ்பத்திரிகளுக்கும், அங்கிருந்து மைசூருக்கும் அவர்களைக் கொண்டு சென்றனர். சிகிச்சை பெற்றவர்கள் நூற்றுக்கும் மேல். இறந்தவர்கள் 17 பேர்.

சாதத்தில் கலந்திருந்தது 'மோனோகுரோட்டோபாஸ்' என்னும் பூச்சிமருந்து. கோவில் நிர்வாகப் போட்டியில் வேண்டுமென்றே கலக்கப்பட்டது என்பது போலீசாரின் குற்றச்சாட்டு. நால்வர் கைது செய்யப்பட்டனர்.

சாதத்தில் ஏதோ வாடை அடித்தது என்று உயிர் தப்பியவர்கள் சிலர் பின்னர் கூறினர். ஆனாலும் அம்மன் பிரசாதத்தை வேண்டாம் என்று யார்தான் ஒதுக்குவார்கள்?

பீகாரிலும் இதே மருந்து

2013 ஜூலை 16ந் தேதி, பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தனர். அங்கும் இதே பூச்சிமருந்துதான் உணவில் இருந்தது. சமையல் எண்ணெயின் வாடை சரியில்லை என்று அங்கும் முன்கூட்டியே பேச்சு எழுந்தது. அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வாடை இல்லாத எதிரி

மூக்கு கண்டுபிடிக்க முடியாத ஆபத்தும் உண்டு. 'லிஸ்டீரியா' என்ற கிருமி உணவில் இருந்தாலும் நிறமோ, மணமோ, ருசியோ மாறாது. குளிர்ப்பெட்டியில் வைத்தாலும் மெதுவாகப் பெருகும். தென்னாப்பிரிக்காவில் 2017, 2018ம் ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் அதிகமானோரை இது தாக்கியது. 200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சமைக்காமல் அப்படியே சாப்பிடும் 'போலனி' என்ற பதப்படுத்திய இறைச்சியே காரணம் என்று தெரியவந்தது. கர்ப்பிணிகள், பச்சிளங் குழந்தைகள், முதியவர்கள் ஆகியோருக்கே இக்கிருமியால் ஆபத்து அதிகம். நன்றாகச் சூடாக்கினால் கிருமி சாகும். பூச்சிமருந்தோ கொதிக்க வைத்தாலும் போகும் என்று நம்ப முடியாது.

யார் பொறுப்பு?

உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006ல் இயற்றப்பட்டு, 2011ல் நடைமுறைக்கு வந்தது. அதன் கீழ் வந்த விதிகள், மத விழாக்களிலும் சமூக விழாக்களிலும் உணவு வழங்குவோரையும் பதிவு செய்துகொள்ளச் சொல்கின்றன. காசு வாங்காமல் போடும் சோறுதானே என்று பொறுப்பைத் தட்டிக் கழிக்க முடியாது.

விழா நடத்துவோர் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. சமையற்கட்டில் வெளியார் நுழையாமல் ஒருவர் காவல் இருக்க வேண்டும். பூச்சிமருந்து வைத்திருந்த டப்பாவைக் கழுவிக்கூட உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. பரிமாறும் முன் பொறுப்பாளர் பார்த்து, வாடையில் சந்தேகம் வந்தால் அண்டாவோடு ஒதுக்கிவிட வேண்டும். சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆறப்போட்டு வைக்கக் கூடாது.

ஆலை வாசலில் பொட்டலம் வாங்குவோரும், மெஸ்ஸில் சாப்பிடும் குமாஸ்தாக்களும், அன்னதானப் பந்தியில் உட்காருவோரும் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். வாடை சரியில்லை என்றால் இலையை மூடிவிட்டு எழுந்திருங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள். அதனால் சாமி கோபித்துக்கொள்ளாது.

சுள்வாடி கோவில் 2020 அக்டோபரில் மீண்டும் திறக்கப்பட்டது. அந்த 17 பேரின் வீடுகளில் இழப்பு இழப்பாகவே இருக்கிறது.