இரண்டு ரூட்டர், ஒரே வலையமைப்பு

‘இணையம் வருகிறது, பிரிண்டர்தான் வரமாட்டேன் என்கிறது.’ புதிய கட்டடத்தில் இரண்டாவது ரூட்டர் வைத்தபின் எங்கள் ஆசிரியர் அறையில் இதுவே பேச்சு. வினாத்தாள்கள் பென்டிரைவில் ஏறி, மைதானத்தைக் கடந்து அலுவலகத்துக்குப் போயின. கை மாறிக் கை மாறிப் போகும் பென்டிரைவில் வினாத்தாள் எவ்வளவு பாதுகாப்பாக இருக்கும் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாததல்ல.

ரூட்டர் தன்னோடு இணையும் ஒவ்வொரு கருவிக்கும் வருகைப்பதிவேட்டு எண் போல ஓர் ஐபி முகவரி தருகிறது. இந்த வேலைக்கு டிஎச்சிபி என்று பெயர். முதல் ரூட்டரிலிருந்து வரும் கேபிளை இரண்டாவதன் ‘வேன்’ போர்ட்டில் செருகினால் (வண்டி அல்ல, வெளி இணைப்புக்கான துளை), அது தனக்கென்று தனிப் பதிவேடு தொடங்கிவிடும். எங்கள் அலுவலகத்தில் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகள். புதிய கட்டடத்தில் 192.168.0 என்று தொடங்குபவை. புதிய கட்டடத்திலிருந்து வெளியே போக வழி உண்டு. பிரிண்டரின் முகவரியைத் தட்டச்சு செய்தால் அச்சாகும். தானாகத் தேடினால் அகப்படாது. அலுவலகக் கணினியோ புதிய கட்டடத்துக் கணினியில் உள்ள கோப்புறையைத் திறக்கவே முடியாது. ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவு இது. இரண்டு ரூட்டரிலும் ஒரே தொடக்க எண் இருந்துவிட்டால் குழப்பம் இன்னும் கூடும்.

எனவே, எண் வழங்கும் வேலையை ஒருவரிடம் மட்டும் விட வேண்டும். ரூட்டரில் ‘ஆக்சஸ் பாயின்ட் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்தாலே போதும். எங்களுடையது பழையது. அதனால் ஒரு கணினியை அதனோடு மட்டும் இணைத்து, அமைப்புப் பக்கத்தில் ரூட்டரின் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். முதல் ரூட்டர் 192.168.1.1, அது பிறருக்கு வழங்கும் எண் வரிசைக்குள் இந்த 2 வரக் கூடாது. மாற்றியதும் பக்கம் துண்டிக்கப்படும். பயப்பட வேண்டாம், கேபிளைக் கழற்றி மாட்டிப் புதிய முகவரியில் நுழையலாம். அடுத்து டிஎச்சிபியை நிறுத்தினேன். கடைசியாக, முதல் ரூட்டரின் ‘லேன்’ போர்ட்டிலிருந்து வரும் கேபிளை இரண்டாவதன் ‘லேன்’ போர்ட்டில் செருகினேன். ‘வேன்’ காலியாகவே இருக்கட்டும்.

புதிய கட்டடத்தில் நின்று கைபேசியின் வைஃபை விவரத்தைப் பாருங்கள். முகவரி 192.168.1 என்று தொடங்கினால் வேலை முடிந்தது.

சாதாரண நெட்வொர்க் கேபிளின் எல்லை 100 மீட்டர். திறந்தவெளியில் செம்புக் கேபிள் இழுத்தால் மின்னலில் இரு முனைக் கருவிகளும் பழுதாகலாம். அங்கே ஆப்டிகல் ஃபைபர்தான் நல்லது.

ஒரே வலையமைப்பு ஆனபின், பகிர்ந்து வைத்த கோப்புறைகள் அந்த வைஃபையில் உள்ள எல்லோருக்கும் தென்படக்கூடும். மதிப்பெண் பட்டியலும் அங்கேதான் இருக்கும். கோப்புறைக்குக் கடவுச்சொல் இட்டோம். மாணவர் கையாளும் டேப்லெட்டுகளுக்கு முதல் ரூட்டரிலேயே ‘கெஸ்ட்’ வைஃபை ஒன்றைத் தனியாகத் திறந்துவிட்டோம்; அதில் இணைந்தவர்களுக்கு இணையம் மட்டுமே கிடைக்கும்.