கூட்டினால் மைனஸ் ஆகும் எண்

ஒரு கடைக்கு நான் எழுதிக் கொடுத்த விற்பனைக் கணக்கு புரோகிராம் நன்றாகத்தான் ஓடியது. வருட மொத்தம் இரண்டு கோடி ரூபாயைத் தாண்டிச் சில நாட்களில், தொகை திடீரென்று மைனஸில் வந்தது. கடைக்காரர் பதறிப் போனார். தவறு என்னுடையதுதான். காரணம் 2147483647 என்ற எண்.

தொகையைப் பைசாவாக மாற்றி, 32 பிட் இன்டிஜராகச் சேமித்திருந்தேன். இதில் ஒரு பிட் ப்ளஸ், மைனஸ் குறிக்குப் போய்விடும். மீதி 31 பிட்டுகளும் 1 ஆக இருந்தால் கிடைப்பதே 2147483647. அதாவது 2,14,74,836 ரூபாய் 47 பைசா. இன்னும் ஒரு பைசா சேர்த்தால் குறிக்கான பிட் 1 ஆகி, விடை -2147483648 என்று வரும்.

நீங்களே சோதிக்கலாம். விண்டோஸ் 10 அல்லது 11 கால்குலேட்டரில் புரோகிராமர் மோடுக்குச் செல்லுங்கள். க்யூவேர்ட் என்பதைக் கிளிக் செய்து டிவேர்ட் ஆக்குங்கள். இந்த எண்ணை டைப் செய்து 1ஐக் கூட்டிப் பாருங்கள்.

இது ஒரு பகா எண்ணும் கூட. 1772இல் கணித மேதை ஆய்லர் இதை நிரூபித்தார். இதன் வர்க்கமூலம் 46,340ஐச் சற்றே தாண்டும். எனவே அதுவரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். அவற்றிலும், 62ஆல் வகுத்தால் மீதி 1 வருபவை மட்டுமே காரணியாக முடியும். அதனால் கையாலேயே முடிந்தது!

1970 ஜனவரி 1 முதல் நொடிகளை எண்ணி, 32 பிட்டில் நேரத்தை வைக்கும் பழைய புரோகிராம்கள் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8:44:07க்கு இதே எல்லையைத் தொடும். அடுத்த நொடி அவற்றுக்கு 1901 ஆகிவிடும். 64 பிட்டுக்கு மாற்றுவதே தீர்வு. என் புரோகிராமிலும் அதைத்தான் செய்தேன்.